சாஜிதா முறை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நான் உட்காரப் போன நாற்காலியை ஒருவர் பின்னாலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு போனார். கேலி இல்லை. நிறுவனத்தின் வரவேற்பே அதுதான்.

"உட்கார்ந்திருப்பது என்பது மெதுவாகச் சாவது" என்றார் இயக்குநர் டாக்டர் சுரேஷ்கண்ணன். அவர் உட்கார்ந்துதான் இருந்தார். அவருடைய செல்கள் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டுவிட்டதால் அவரை அது ஒன்றும் செய்யாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நிறுவனத்தின் பெயர் 'மறுசெல் உயிரணுப் புத்துயிர் மையம்'. காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி, யாரோ விற்றுவிட்டுப் போன திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. டவுன் பஸ் கண்டக்டருக்கு அவ்வளவு நீளம் வாயில் நுழையாது. "பட்டினிக் கம்பெனியெல்லாம் எறங்கு" என்பார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற விருந்தினர்கள் காரில் வருவதால் அவர்கள் காதில் இது விழுவதில்லை. பஸ்ஸில் இறங்குவது நாங்கள்தான். நாங்கள் என்றால் நான், சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அம்மா சாஜிதா, கூட்டித் துடைக்கும் ஞானபாக்கியம் சித்தி, இன்னும் ஏழெட்டுப் பேர்.

நான் உயிர்வேதியியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா சொல்லித்தான் இந்த வேலைக்கு மனுப் போட்டேன். எனக்குக் கொடுத்த பதவி, அழுத்த ஒருங்கிணைப்பாளர். பணக்காரர்களை அளவாக வதைப்பது வேலை.

வதைப்பதில் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பை அளவோடு வருத்தினால் அது சுதாரித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் பட்டினி போட்டால், செல்லுக்குள் சேர்ந்த குப்பையை செல்லே தின்று சுத்தம் செய்கிறது. கொஞ்சம் குளிர், கொஞ்சம் சூடு, கொஞ்சம் மூச்சிரைப்பு, எல்லாவற்றுக்கும் உடம்பு பதில் சொல்கிறது. பாடத்தில் படித்திருக்கிறேன். அதற்கு அடுத்த வரியையும் படித்திருக்கிறேன். வருத்தியபின் சோறும் உறக்கமும் கொடுக்க வேண்டும். உடம்பு புதுசாகக் கட்டுவது அப்போதுதான். மறுசெல் மையத்தில் முதல் வரி பளிங்குக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கப்பட்டிருந்தது. அடுத்த வரியைக் காணோம். கல்லில் இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

வருகிற விருந்தினர் வாசலில் செருப்பு, கடிகாரம், போன், பெயர் அட்டை எல்லாவற்றையும் ஒரு செப்புக் குண்டானில் போட வேண்டும். இதற்குப் பெயர் பட்டம் துறத்தல். "இந்த வாசலுக்குள் டாக்டரும் இல்லை, முதலாளியும் இல்லை. செல் மட்டுமே" என்று இயக்குநர் மைக்கில் சொல்வார். சாம்பல் நிற அங்கி ஒன்று கொடுப்போம். அதைப் போட்டபின் அவர் செல் மூன்று அல்லது செல் ஏழு. உரம் அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகை இப்போது வெப்ப ஆலயம். திராட்சைக்கு மருந்து கலக்கிய சிமெண்டுத் தொட்டி இப்போது பனிக் கருவறை. ஐஸ் கட்டியை ஜோசப் அண்ணன், முழுப்பெயர் மரிய ஜோசப், கம்பத்திலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வருவார். மீன் கடைகளுக்கும் அதே ஐஸ் கம்பெனிதான். ஒருநாள் ஒரு பெங்களூர்க்காரர் தொட்டிக்குள் நின்றபடி, "மீன் வாசம் வருகிறதே" என்றார். இயக்குநர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒமேகா" என்றார்.

ஊழியர்களுக்கு ஒரு சட்டம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் வரிசையாக நின்று ஒப்பிப்போம்: "விருந்தினர் கெஞ்சினால் கெஞ்சுவது அவரல்ல. அவருடைய பழைய உடம்பு. பழைய உடம்போடு பேசாதே. புன்னகை செய்." தொட்டியில் இறங்கியவர் எப்போது ஏறலாம் என்பதை அன்றைய மணிக்காரர்தான் முடிவு செய்வார். கையில் பித்தளை மணியோடு நிற்கும் ஊழியர். அவர் அடித்தால் ஏறலாம். பொறுக்கமுடியாமல் தானாக ஏறுகிறவரை யாரும் தடுப்பதில்லை, ஏணி அங்கேயேதான் இருக்கும். ஆனால் சேகண்டி அடித்து, "பழைய உடம்பு வென்றது" என்று மைக்கில் அறிவிப்போம். கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் அந்த ஒரு அறிவிப்புக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் நின்றபோது ஞானபாக்கியம் மணிக்காரர். "அம்மா, தாயே, மணியை அடி. உன் மகனை மில்லில் சூப்பர்வைசராகப் போடுகிறேன்" என்றார் அவர். பாக்கியம் சித்தி புன்னகை செய்தார். அவர் நடுங்க நடுங்க இவர் இன்னும் நன்றாகப் புன்னகை செய்தார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லிப் புலம்பினார்.

"ஏங்க்கா, நெசமாவே போட்டிருப்பாரோ? சிரிச்சே எம் மகன் பொழப்பக் கெடுத்துட்டேனோ?"

இதுவரைக்கும் எனக்கு அந்த நிறுவனத்தின்மேல் சிரிப்புதான் இருந்தது. எங்களுக்கு மத்தியானம் சோறு போட்டார்கள். விருந்தினர் கண்ணில் படாத பின்கட்டுச் சமையலறையில் சாதம், ஒரு குழம்பு, சில நாள் அப்பளம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடும் பாக்கியம் சித்திக்கு மட்டும் சமையல்காரர் முதலில் எடுத்து வைத்துவிடுவார். நின்றுகொண்டுதான் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்பதுதான் விஷயம்.

நோன்பு மாதம் வந்தது. அம்மா நோன்பு வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். சலவைக்கூடத்து ஆவியில் நின்று அங்கி அங்கியாகப் பிழிந்து போட்டாள். பத்துப் பதினைந்து நாள் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் விருந்தினர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்த இயக்குநர், அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யார் பார்க்கிறார்களோ அவர்களுக்காக நீட்டியது.

"வேணாம் சார், நோன்பு."

"தண்ணீர்கூடவா குடிக்கவில்லை?"

"ஆமா சார்."

"காலையிலிருந்தா?"

"விடியிறதுக்கு முன்னேருந்து சார்."

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அம்மாவின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். நாடி பார்க்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாம் அமெரிக்காவில் தேடுகிறோம். அது இங்கே துணி துவைத்துக்கொண்டிருக்கிறது" என்றார். விருந்தினர்கள் கை தட்டினார்கள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று என்னைப் பார்த்தாள்.

ஒரு வாரத்தில் வாசலில் பெரிய பேனர் வந்துவிட்டது. 'சாஜிதா முறை. நீரில்லை, உணவில்லை, முதுமையில்லை.' பக்கத்தில் அம்மாவின் படம். தலையில் முக்காடும் தோளில் யாரோ ஒருவருடைய ஈர அங்கியும். அம்மா மூன்று நாள் அந்த வாசல் வழியாக வராமல் வேலியைச் சுற்றி வந்தாள்.

"நான் அல்லாவுக்குன்னு வச்சது. இந்தாளு போர்டுல எழுதித் தொங்க விட்டுட்டாரு" என்றாள். "அதுவும் அழுக்குத் துணியோட."

பெருநாள் முடிந்து அம்மா பெரிய தூக்குச்சட்டியில் எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்த அன்றைக்குத்தான் இயக்குநர் ஊழியர் கூட்டம் போட்டார். பிரியாணி வாசம் கூட்டம் முழுக்க நின்றது. அவர் பேசியதை இன்றைக்கும் சொல்ல முடியும், நான்தான் மைக் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நண்பர்களே, சோறு என்பது உழைப்பாளியின்மேல் சமூகம் சுமத்திய ஒரு பழக்கம். நம் சகோதரி சாஜிதா அதை உடைத்துக் காட்டிவிட்டார். ஒரு மாதம், மத்தியானச் சோறு இல்லாமல், ஒரு அங்கிகூடக் குறையாமல் துவைத்திருக்கிறார். கணக்கெடுத்துப் பார்த்தேன், வழக்கத்தைவிட அதிகம். ஆகவே இன்றுமுதல் ஊழியர் சமையலறை மூடப்படுகிறது. வீட்டிலிருந்து உணவு கொண்டுவருவதும் கூடாது. அந்த வாசம் விருந்தினர்களின் செல்களைத் திசைதிருப்பும். வெளியே லட்சங்கள் கொடுத்து மனிதர்கள் வாங்குகிற பட்டினியை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். நன்றி எதுவும் சொல்ல வேண்டாம்."

யாரும் சொல்லவில்லை.

தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். இயக்குநரின் கார் டிரைவர் அதைத் திறந்து பார்த்ததாக ஜோசப் அண்ணன் பிறகு சொன்னார். திறந்து பார்த்தவர் மூடவில்லையாம்.

அன்று பஸ்ஸில் யாரும் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. பாக்கியம் சித்திதான் கடைசியில் முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏங்க்கா, நீ சொர்க்கத்துக்குப் போறதுக்கு நாங்க ஏங்க்கா பட்டினி கெடக்கணும்?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளால் எல்லோருடைய சோறும் போய்விட்டது என்பது அந்தப் பஸ்ஸில் முடிவாகிவிட்டது. அவளே அதை நம்பிவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவளே இயக்குநர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், நோன்பு வேற சார். விடியிறதுக்கு முன்ன சஹருக்கு எந்திரிச்சு வயிறாரச் சாப்பிடுவோம். பொழுது அடைஞ்சதும் கஞ்சி குடிச்சு நோன்பு தொறந்துருவோம். சீக்குக்காரவுகளுக்கு நோன்பு இல்ல. பிள்ளத்தாச்சிக்கு இல்ல. பயணம் போறவுகளுக்கு இல்ல. முடியாதவுக வைக்கணும்னு யாருமே சொல்லல சார். இந்த பாக்கியத்துக்குச் சீனி வியாதி. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா விழுந்துரும்."

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கேட்கும்போது பாதாம் ஊறவைத்துத் தோல் நீக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் மதச் சடங்கு. நான் அதிலிருந்து அறிவியல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்."

"சார், அவங்க சொன்ன இரண்டாவது பாதிதான் சார் அறிவியல்" என்றேன் நான். "வருத்தினால் மட்டும் செல் புதுப்பிக்காது. ஓய்வும் உணவும்..."

"அப்ரின், நீங்கள் காலையில் சாப்பிட்டீர்களா?"

"இல்லை சார்."

"அப்படியானால் இது உங்கள் பசி பேசுகிறது. பசித்தவர் சோற்றைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவர். நடுநிலை இருக்காது."

"சாப்பிட்டுவிட்டு வந்து பேசட்டுமா?"

"சாப்பிட்டவருக்குச் சோறு எதற்கு?"

ஒரு மீட்சிக் குழு அமைப்பதாகச் சொன்னார். ஊழியர் உணவைப் பற்றி அது ஆராயும். தலைவர் அவரே. உறுப்பினர்களையும் அவரே பிறகு நியமிப்பார். குழு வெப்ப ஆலயத்துக்குள் கூடும். யார் முதலில் வெளியே வருகிறாரோ அவருடைய கருத்து பதிவாகாது. குழு கடைசிவரை கூடவே இல்லை.

பாக்கியம் சித்தி விழுந்தது அடுத்த வாரம். நடைபாதையில் துடைப்பத்தோடு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. ஏதாவது இனிப்பு வேண்டும். அந்த வளாகம் முழுக்க ஒரு மண்டை வெல்லம் இல்லை, ஒரு மிட்டாய் இல்லை. இனிப்பு எதிரி என்று சுவரில் எழுதித்தான் இருந்தது. நான் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துப் பந்தலுக்குள் ஓடிக் கைக்கு வந்த குலையைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். அம்மா சித்தியின் தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பழமாகக் கசக்கி அந்தச் சாற்றை நாக்கில் விட்டோம்.

"முழுங்கு பாக்கியம். முழுங்கு ஆத்தா. எம்மேல கோவம் இருந்தா அப்புறமா வய்யி, இப்ப முழுங்கு."

கொஞ்ச நேரத்தில் கண் நிலைக்கு வந்தது. அதற்குள் இயக்குநர் விருந்தினர்களோடு வந்துவிட்டார். எங்களைச் சுற்றி வட்டமாக நிற்கவைத்தார்.

"பாருங்கள். சகோதரி தன் எல்லையைத் தொட்டுவிட்டார். இந்த நிலைக்கு நீங்கள் ஐந்தாம் நாள்தான் வருவீர்கள். இவர் வேலை நேரத்திலேயே வந்துவிட்டார்."

வட்டமாக நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண்மணி பொறாமையோடு பார்த்தார். பாக்கியம் சித்தி கறுத்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு யாரு சகோதரி" என்று கேட்டது கைதட்டலில் கேட்கவில்லை.

எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். திராட்சை திருடியதற்கு இல்லை, அது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கவலை. அனுமதியில்லாமல் ஊழியர் ஒருவருக்கு மீட்சி கொடுத்ததற்கு. ஒரு செல் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்துவிட்டேனாம்.

சாக இருந்த ஒரு மனுஷிக்கு நாலு பழம் கொடுத்ததற்கு எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போடும்போதே முடிவு பண்ணிவிட்டேன். இந்த ஆளை இவர் சட்டத்தாலேயே அடிக்க வேண்டும். வேறு எந்த அடியும் இவர்மேல் படாது. வேறு எதையும் இவர் நம்புவதில்லை.

சந்தர்ப்பம் டெல்லியிலிருந்து வந்தது. 'அனைத்துலக உயிரணு நலப் பேரவை' என்று ஒரு அமைப்பு அங்கீகாரம் கொடுக்கிறதாம். அது கிடைத்தால் வெளிநாட்டு விருந்தினர் வருவார்கள். பார்வையிட ஒரு தலைவியும் ஒரு உதவியாளரும் வருகிறார்கள் என்றதும் இயக்குநர் ஊரைக் கூட்டினார். தகரக் கொட்டகைக்குச் சந்தன நிறம் அடித்தார்கள். நிகழ்ச்சி நிரல் எழுதும் வேலை ஒருங்கிணைப்பாளரான எனக்கு வந்தது.

"சார், தொட்டியில் யாரை இறக்கிக் காட்டுவது?" என்று கேட்டேன்.

"யாராவது ஒரு விருந்தினரை."

"அது எல்லா மையத்திலும் செய்வதுதானே சார். நிறுவனரே இறங்கினால்?"

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அவர் அந்தத் தொட்டியில் கால் விரலைக்கூட நனைத்ததில்லை. கரையில் நின்று மைக்கில் பேசுவதுதான் அவர் பங்கு. ஆனால் நிறுவனர் என்ற சொல் உள்ளே போய் வேலை செய்தது.

"படம் நன்றாக வரும்" என்றேன்.

"இரண்டு நிமிடம்" என்றார். "ஐஸ் சும்மா மிதக்கிற மாதிரி இருந்தால் போதும்."

"சரி சார். மணிக்காரர்?"

இதில் நான் எதுவும் செய்யவில்லை. சத்தியமாக அவரே சொன்னார். "சாஜிதா. சாஜிதா முறையின் சாஜிதா. பேரவைக்கு அதுதான் கதை."

ஜோசப் அண்ணனிடம் ஐஸ் பற்றிப் பேசினேன்.

"எத்தன கட்டி வேணும் தாயி?"

"விருந்தினருக்கு எவ்வளவு போடுவீகளோ அவ்வளவு. ஒரு துண்டு கூட வேணாம், குறையவும் வேணாம்."

"மொதலாளிக்கும் அதே அளவா?"

"அவருக்கு என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

அண்ணன் அப்போது சிரிக்கவில்லை. போகும்போது ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே சிரித்தார்.

அந்த நாள் வந்தது. பேரவைத் தலைவி சென்னைக்காரர், நரைத்த முடி, பெரிய பொட்டு, எதைப் பார்த்தாலும் தலையாட்டுகிற சுபாவம். இயக்குநர் வாசலில் அவர் கண்முன்னால் பட்டம் துறந்தார். மேசைமேலிருந்த 'டாக்டர் சுரேஷ்கண்ணன்' என்ற பெயர்ப் பலகையையே கொண்டுவந்து செப்புக் குண்டானில் போட்டார். அங்கி மாட்டிக்கொண்டார். சட்டைக் கழுத்தில் குத்துகிற சின்ன மைக்கை அங்கியில் குத்திவிட்டேன். அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒலிபெருக்கியில் வந்தது. விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டினேன். ஆள் கிடா மாதிரி இருந்தார். அதைப் பார்க்காமல் நான் இறக்கியிருக்க மாட்டேன்.

"இந்த நிமிடத்திலிருந்து நான் இயக்குநர் அல்ல" என்று ஒலிபெருக்கி சொன்னது. "நான் செல் ஒன்று. இங்கே ஒரு சலவைத் தொழிலாளியின் மணிக்கு நான் கட்டுப்பட்டவன். நானே கெஞ்சினாலும் இவர்கள் கேட்கமாட்டார்கள். அப்படிப் பழக்கியிருக்கிறேன்."

தலைவி தலையாட்டினார். செல் ஒன்று ஏணியில் இறங்கியது.

இடுப்பளவு தண்ணீர்வரை உரை நன்றாகத்தான் போனது. மார்பளவு வந்ததும் ஒரு சொல் பாதியில் நின்றது. பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. மலையடிவாரம்வரை கேட்டிருக்கும்.

"ம்ம்... போதும் சாஜிதாம்மா. மணி."

அம்மா மணியைத் தூக்கினாள். அவள் மனசு அப்படி. நான் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"பாவம்டி, உதடு நடுங்குது."

"நடுங்கட்டும்மா. கெட்டுப்போற அளவுக்கு விடமாட்டேன். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அடியுங்கள், சாஜிதாம்மா. நான் இயக்குநர் சொல்கிறேன்."

பின்னாலிருந்து பாக்கியம் சித்தி ஆரம்பித்தார். காலை வரிசையில் ஒப்பிக்கிற அதே ராகம். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "கெஞ்சுவது அவரல்ல. அவருடைய பழைய உடம்பு. பழைய உடம்போடு பேசாதே. புன்னகை செய்." செய்தோம். அந்தப் புன்னகையை நாங்கள் இரண்டு வருடம் பழகியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது தானாக வந்தது.

தலைவி உதவியாளரிடம் திரும்பி, "இவ்வளவு கட்டுப்பாடான ஊழியர்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். உதவியாளர் படம் எடுத்தார்.

ஏணி செல் ஒன்றின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒருமுறை அதைப் பிடிக்கவும் செய்தார். ஜோசப் அண்ணன் சேகண்டியைக் கையில் எடுத்து, மரக்கட்டையை ஓங்கிக்கொண்டு நின்றார். தலைவி ஆவலோடு பார்த்தார். கை ஏணியை விட்டுவிட்டது.

நான் தொட்டி விளிம்பில் குனிந்தேன். அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். பல் தந்தி அடித்தது.

"என்ன வேண்டும் உனக்கு? சம்பளமா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். மணி அம்மா கையில இருக்கு. அம்மாகிட்டக் கேளுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு பின்னால் நின்ற பாக்கியம் சித்தியைப் பார்த்தாள். பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்ட முகம் அங்கே நின்றது. அம்மா மணியை இறக்கி, அதன் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானச் சோறு சார்" என்றாள். "எல்லாருக்கும். என்னச் சாக்கு வச்சு எடுத்தீக. எங்கையிலேயே திருப்பிக் குடுங்க."

"தருகிறேன்."

"மைக்க விட்டுட்டுச் சொல்லுங்க சார். அவுக கேக்கணும்ல."

அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். நடுங்கிய குரல் ஒலிபெருக்கி வழியாகத் தோட்டம் முழுக்கப் போனது. இந்த மனிதரை நான் ஒன்றுக்கு மெச்ச வேண்டும். அந்தக் குளிரிலும் அதை உரையாகவே சொன்னார்.

"பேரவையினரே. சாஜிதா முறையின்... இரண்டாம் பாதியை... இப்போது அறிவிக்கிறேன். அழுத்தத்துக்குப் பின்... மீட்சி. இன்றுமுதல் ஊழியர் அனைவருக்கும்... மத்தியானம்... சோறு."

"ஒக்காந்து" என்றார் பாக்கியம் சித்தி.

"உட்கார்ந்து."

"வயிறார" என்றார் ஜோசப் அண்ணன், சேகண்டியை இறக்காமல்.

"வயிறார. அடி, அம்மா."

அம்மா அடித்தாள். ஆனால் மணிச் சத்தம் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. சோறு என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோதே, நாலு நாளாகப் பட்டினி கிடந்த செல் இரண்டிலிருந்து செல் பதினாறுவரை பின்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் நடைதான். மூலை திரும்பியதும் ஓட்டம். கோடீஸ்வரர்கள் சாம்பல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சமையலறை பூட்டிக் கிடந்தது. பூட்டு போட்ட கதவுக்கு முன்னால் வரிசையில் யார் முதலில் நிற்பது என்று அவர்களுக்குள் சண்டை. ஒருவர் தான் ஒரு வங்கியின் தலைவர் என்றார். அங்கே அப்படி யாரும் இல்லை என்று இன்னொருவர் அவருக்கு ஞாபகப்படுத்தினார்.

எங்கள் செல் ஒன்றை நான்கு துண்டுகளில் சுற்றி வெயிலில் நிறுத்தினோம். உட்காரச் சொன்னதும் அவரே உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர். நாடி நன்றாக இருந்தது.

நிறுவனம் தோற்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அங்கீகாரம் கிடைத்தது. தலைவியின் அறிக்கையில் ஒரு பத்தி முழுக்க எங்கள் புன்னகையைப் பற்றி. இன்னொரு பத்தி, மீட்சி உணவை ஒரு நெறியாக வைத்திருக்கும் நாட்டின் ஒரே மையம் இதுதான் என்று. அதோடு ஒரு நிபந்தனை. நிறுவனரும் கடைநிலை ஊழியரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பது இந்த மையத்தின் சிறப்பு என்று யாரோ பேரவைக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். பந்தியின் படத்தை மாதாமாதம் அனுப்பாவிட்டால் அங்கீகாரம் ரத்து. தகவல் அனுப்பும் வேலையும் ஒருங்கிணைப்பாளருடையதுதான்.

மறுவாரமே என்னை நீக்கிவிட்டார்கள். காரணம் கேட்டேன். என் செல்களுக்கு இனி இந்த இடத்தில் வளர்ச்சி இல்லை என்றார் இயக்குநர். சளி பிடித்த குரலில் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அம்மா அங்கேயேதான் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் பாக்கியம் சித்தி அவள் பக்கத்தில்தான் உட்காருகிறாராம். சமையல்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் மத்தியானம் குழம்புக் கரண்டி சித்தி கையில்.

நேற்று மத்தியானம் போன் வந்தது. பின்னால் தட்டு வைக்கும் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது.

"ஏ அப்ரினு, சாப்ட்டியா?"

"இனிமேத்தான் சித்தி. நீங்க?"

"நாங்க ஆச்சு. அம்மா ரெண்டாஞ்சோறு போட்டுக்கிருச்சு. இங்கன ஒரு சேதி. ஒங்க டைரக்டரு இன்னைக்குக் கொழம்புக்கு மறுக்காத் தட்ட நீட்டுனாரு."

"ஊத்துனீகளா?"

"ஊத்துனேன்" என்றார் சித்தி. "ஒடனே ஊத்தல."